வல்லைவெளியில் நான் சொல்லாமல் விட்டது

பிறஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரி வாங்கில் வரிசையில் இருந்தபோதுதான் குகன் தொலைபேசியில் கூப்பிட்டான். குகன் என்னிடம் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன். யாழ்ப்பாணத்தில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வருடத்துக்கு இரண்டு தரம் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிறவனும் அவன்தான்.

"சேர், ரஷீத் நானா மோசம் போட்டார். காலமை நெஞ்சுக்குத்து எண்டு கொண்டு போனவையாம். வழியிலையே முடிஞ்சுதாம்."

எனக்கு ஆளை விளங்கவில்லை என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

"ஆர் எண்டு தெரியுதே சேர்? உந்தச் சோனகதெரு மக்னீற்றோ நானா. வல்லையிலை உங்களை நடு றோட்டிலை விட்ட ஆள்."

"ஓம், தெரியும்" என்றேன்.

என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்க் குளிசையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு மனிதர் இறந்த செய்தியோடு அவர் செய்யாத பிழை ஒன்றும் சேர்ந்து வருகிறது. அந்தப் பிழையைச் செய்தவன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஓம் என்கிறான். என்னைப் போல வெட்கம் கெட்டவன் கொழும்புத்துறையில் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மோட்டார் சைக்கிள் குழுவின் இந்த வருட ஒன்றுகூடலில் அச்சடித்துக் கொடுக்கும் சிறு மலருக்கு நானாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி அடுத்த கிழமை குகன் கேட்டான். "நல்லதா நாலு விசயம் எழுதுங்கோ சேர். வல்லைக் கதையை விட்டிடுவம். செத்த மனிசன்தானே, பாவம்" என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் வல்லைக் கதையை விட்டுவிட்டு நானாவைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு பக்கத்துக்குள்ளும் அது அடங்காது. நானாவை அறிந்தவர்களும், முக்கியமாக அன்று வல்லைவெளியில் என்னோடு நின்றவர்களும், இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நானாவை எனக்குத் தெரிய வந்தது என் முழங்கால் வீங்கியபோது. ஓய்வு பெற்ற கையோடு, மீசாலையில் ஒரு கமக்காரரின் தேங்காய்க் கொட்டிலில் கிடந்த பழைய இங்கிலீசு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். தாங்கிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். துருவைச் சுரண்டினேன், பெயின்ற் அடித்தேன், எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். பார்த்தால் நேற்றுக் கப்பலில் இறங்கியது போல இருந்தது. ஸ்ராட் மட்டும் வரவில்லை. உதைத்தால் இருமும், காபரேற்றர் வழியாக ஒரு வெடி வெடிக்கும், சில நேரம் உதைத்த காலையே திருப்பி உதைக்கும். மூன்று மாதம் உதைத்தேன். கடைசியில் முழங்கால் பலாப்பழம் போல வந்த பிறகுதான், புத்தளத்தில் இருந்து திரும்பி வந்த ஒரு சோனக மனிதர் மக்னீற்றோ வேலை செய்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

மக்னீற்றோ என்பது பற்றறி இல்லாமலே காந்தத்தின் உதவியால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கருவி. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களுக்கு அதுதான் உயிர். அது எப்படி வேலை செய்கிறது என்று முப்பது வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியவன் நான். அந்தத் திமிரோடுதான் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

அவர் மெலிந்த மனிதர். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம், சேட்டுப் பையில் ஒரு சிறிய டோர்ச். வயதில் என்னைவிட இரண்டு மூன்று வருடம் மூப்பு இருக்கும். வந்ததும் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. "என்ன செய்யுது எண்டு சொல்லுங்கோ மாஸ்ரர்" என்று கேட்டுவிட்டுக் குந்தியிருந்தார். நான் காற்பங்கு மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன். முடிந்ததும் பிளக்கைக் கழற்றினார்.

"இந்த ஓட்டையிலை பெருவிரலை வைச்சு அமத்திப் பிடியுங்கோ. நான் மெல்ல மெல்லச் சுத்துறன்."

வைத்தேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் காற்று என் விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"இப்ப தள்ளினதே, இதுதான் பொறி வரவேண்டிய சுத்து. நீங்கள் மற்றச் சுத்துக்குப் பொறியை வைச்சிருக்கிறீங்கள். அங்கை புகைதான் வெளியிலை போகுது, பத்துறதுக்கு ஒண்டும் இல்லை."

முதலாம் தவணையில் படிப்பிக்கிற விசயம். நான்கு அடிப்பு எஞ்சினில் எந்த அடிப்பில் பொறி வரவேண்டும் என்று பிழையாக எழுதிய பிள்ளைகளை எழுப்பி வாங்கில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த நேரம் பார்த்து என் மனைவி தேத்தண்ணியோடு வந்து, என்ன பிழை என்று கேட்டார். நானா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "மாஸ்ரர் எல்லாம் வடிவாத்தான் செய்திருக்கிறார் தங்கச்சி. ஒரு சின்ன விசயம்தான்." அரை மணித்தியாலத்தில் மாற்றிப் பூட்டினார். இரண்டாவது உதைக்கு எஞ்சின் பிடித்தது. பக்கத்து வீட்டு நாய் பயந்து ஒழுங்கைக் கடைசி மட்டும் ஓடியது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் அவருடைய கடைக்குப் போய் வரத் தொடங்கினேன். கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்பு அவருடைய குடும்பத்து வீடு இருந்த காணியில், இடிந்த சுவரில் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மேலே தகரம் போட்டிருந்தார். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் ஊர் முஸ்லிம்களை எல்லாம் இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, கையில் ஐந்து வயது அஸ்லமையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு போனவர். அஸ்லம்தான் இப்போது பக்கத்தில் பெயின்ற்றுக் கடை வைத்திருக்கும் மகன். அவர்கள் போன நாளைப் பற்றி நானா என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால், அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள் மாஸ்ரர் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். நான் வீட்டில்தான் நின்றேன். கதவைச் சாத்தியிருந்தேன்.

ஸ்ராட் வராத மோட்டார் சைக்கிளைப் பார்க்க அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. "முதல் பெற்றோல் வருதோ எண்டு பாருங்கோ. பிறகு பொறி வருதோ எண்டு பாருங்கோ. இரண்டும் வந்தால், வரவேண்டிய நேரத்துக்கு வருதோ எண்டு பாருங்கோ. நாலாவதா ஒண்டும் கிடையாது. நாலாவது எண்டு ஆரும் சொன்னால் அவருக்கு முதல் மூண்டும் தெரியாது." பகல் வெளிச்சத்தில் பொறியைக் கண்ணால் தேடுவதும் அவருக்குப் பிடிக்காது. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு உதைக்கச் சொல்வார். நல்ல பொறி என்றால் சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் வருமாம். என்னுடைய மக்னீற்றோவை அப்படிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது இப்ப ஓடும். ஆனால் உள்ளுக்குக் கம்பி பழசு. சூடு ஏறினால் விட்டிடும். புதுசாச் சுத்தவேணும்."

சுற்றினார். தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பி. பழைய தையல் மெசின் சக்கரம் ஒன்றைக் கொண்டு தானே செய்த இயந்திரத்தில், ஆயிரக்கணக்கான சுற்றுக்களை வாய்க்குள் எண்ணிக்கொண்டு சுற்ற வேண்டும். நான் போன நேரம் அவர் பாதி வழியில் இருந்தார். எனக்கு அது தெரியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தூண்டல் விதியைப் பற்றியும், சுற்றுக்கள் கூடினால் மின்னழுத்தம் எப்படிக் கூடும் என்பதைப் பற்றியும் ஒரு பாடமே எடுத்தேன். அவர் சக்கரத்தை நிற்பாட்டிவிட்டு, ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் அஸ்லம்தான் சிரித்துக்கொண்டு சொன்னான், நான் எழும்பிப் போன பிறகு வாப்பா எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு ஒன்றில் இருந்து தொடங்கினாராம். எண்ணிக்கை குழம்பிப் போனதாம். என்னிடம் அதைப் பற்றி நானா மூச்சே விடவில்லை.

மக்னீற்றோவைத் திருப்பிப் பூட்டித் தந்தபோது அதன் மூடியின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் அது வெடித்துப் போகும், திறந்தது தெரிந்துவிடும். "இதுக்கை கை வைக்காதேங்கோ மாஸ்ரர். உள்ளை ஒரு சின்ன நட்டு இருக்கு. அதுதான் பொயின்ற் இடைவெளியைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது. அதைக் கழட்ட, இறுக்க ஒரு மெல்லிய சாவி வேணும், என்னட்டைத்தான் இருக்கு. ஏதும் பிழை எண்டால் எந்த நேரமும் என்னட்டைக் கொண்டு வாங்கோ." பொயின்ற் என்பது ஒன்றை ஒன்று தொட்டு விலகும் இரண்டு சின்னத் தகடு. அவை விலகும் கணத்தில்தான் பொறி பிறக்கும். விலகாவிட்டால் பொறி இல்லை.

எனக்கு அந்தச் சிவப்புச் சொட்டுப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். என் வயது ஆட்களுக்கு இது விளங்கும். யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காதபோது, காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடினவர்கள் நாங்கள். மண்ணெண்ணெய்க் கரி பிடித்த பொயின்றை நடு றோட்டில் குந்தியிருந்து தீப்பெட்டியின் பக்கத்தால் தேய்த்துவிட்டு ஏறிப் போவோம். அப்படி வருடக்கணக்காக ஓடினவனுக்கு ஒருவர் வந்து, திறக்காதே என்று சிவப்புப் பூசி வைத்தால் எப்படி இருக்கும்? அதுவும் பௌதிகவியல் மாஸ்ரருக்கு.

குகன் எங்களைப் பருத்தித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் பின்னேரம், மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணிப் பார்த்தேன். இரண்டு உதை எடுத்தது. நாளைக்குப் பழைய மாணவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஒரே உதைக்கு வரவேண்டும் என்று ஆசை. மூடியைத் திறந்தேன். சிவப்புச் சொட்டு வெடித்தது. நட்டுக்குச் சரியான சாவி இல்லை, குறட்டால் பிடித்துக் கழற்றினேன். பழைய பழக்கத்தில் தீப்பெட்டியின் பக்கத்தால் பொயின்றை ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். திருப்பிக் குறட்டாலேயே இறுக்கினேன். இறுகியது என்று நினைத்தேன். ஒரே உதைக்கு ஸ்ராட் வந்தது. எனக்குப் பிடிபடாத சந்தோசம்.

அடுத்த நாள் காலை பதினான்கு மோட்டார் சைக்கிள்கள் புறப்பட்டன. நானா தன்னுடைய சின்ன மோட்டார் சைக்கிளில் சாமான் பையோடு கடைசியாக வந்தார், யாருக்காவது வழியில் ஏதும் பிழை வந்தால் பார்க்கலாம் என்று குகன் கேட்டிருந்தான். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் எல்லாம் நன்றாகத்தான் போனது. அச்சுவேலி தாண்டி வல்லைவெளியில் ஏறியதும் எஞ்சின் தடக்கத் தொடங்கியது. பிறகு இரண்டு வெடி. பிறகு சத்தமே இல்லை. ஒரு மரம் இல்லாத வெளி, எதிர்க்காற்று, வெய்யில். எல்லாரும் நிறுத்தி என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒருவர் தொலைபேசியில் படமும் எடுத்தார். நான் உதைத்தேன், உதைத்தேன், சேட்டு முழுக்க வியர்வை. அவர்களுக்குள் ஒருவர் பண்டிதர் போலச் சொன்னார்: "சூட்டிலை கொயில் போட்டுது. பழைய கம்பியைச் சுத்திப்போட்டுப் புதுசு எண்டு குடுத்தால் உப்பிடித்தான்."

அந்த நேரம் எனக்கு முதல் நாள் பின்னேரம் ஞாபகம் வந்தது. குறடு, நட்டு, எல்லாம். அது ஞாபகம் வராமல் நான் அடுத்த வசனத்தைச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இல்லை. ஞாபகம் வந்துதான் சொன்னேன்.

நானா அப்போதுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்கத்தக்கதாக, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்: "உங்கடை ஆக்களை நம்பிக் குடுத்தது என்ரை பிழைதான்."

உங்கடை ஆக்கள் என்றால் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் அகராதி பார்க்கத் தேவையில்லை. நானா என் முகத்தைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார். மூடியில் கையை வைத்தார். வெடித்த சிவப்பு அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினார். நட்டு முழுக்கத் தளர்ந்து, பொயின்ற் இரண்டும் ஒட்டிப்போய் இருந்தன. நட்டின் மூலைகளில் குறட்டுப் பல்லின் அடையாளம் பளபளத்தது. குனிந்து நின்ற எனக்குத் தெளிவாகத் தெரிந்தது என்றால் அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? அப்போதுதான் நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கோபம் இல்லை. வேறு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவர் சற்றுத் திரும்பி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். மெல்லிய சாவியை எடுத்தார், இடைவெளியைச் சரியாக்கினார், இறுக்கினார். மூடியைப் போட முதல், விளிம்பில் மிஞ்சியிருந்த சிவப்பைப் பெருவிரல் நகத்தால் சுரண்டித் தட்டிவிட்டார். எல்லாம் ஐந்து நிமிடம். உதையுங்கோ என்றார். ஒரு உதைக்கு வந்தது.

"என்ன பிழை நானா?" என்று குகன் கேட்டான்.

"நட்டு ஒண்டை இறுக்காமல் விட்டிட்டன் தம்பி. என்ரை பிழைதான்."

நான் பக்கத்தில் நின்றேன். இல்லை, அது நான் செய்தது என்று சொல்ல நாலு சொல் போதும். கையுறையைப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

பருத்தித்துறையில் கடலைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் சாப்பிட்டபோது நானா என் பக்கத்தில் வந்திருந்தார். தோசையைப் பிய்த்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார்: "குறடு போடாதேங்கோ மாஸ்ரர். நட்டின்ரை மூலை தேஞ்சு போகும். பிறகு சாவியும் பிடிக்காது." அவ்வளவுதான். அது அவர் எனக்குத் திறந்துவிட்ட கதவு என்று இப்போது விளங்குகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சம்பல் கொஞ்சம் உறைப்பு, என்ன?" என்றேன்.

வல்லையில் அவர் ஏன் தன் பிழை என்று சொன்னார் என ஒன்றரை வருடமாக யோசித்தேன். பெருந்தன்மை என்று எழுதிவிட்டால் எனக்கு வசதி, வாசிக்கிற உங்களுக்கும் இதமாக இருக்கும். அவரிடம் பெருந்தன்மை இருந்தது உண்மைதான். ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். இருபது வருடத்துக்கு மேல் வெளியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, இடிந்த சுவரில் தகரம் சாய்த்துக் கடை போட்ட ஒருவர், பதினான்கு தமிழர்களுக்கு நடுவில் நின்று, மாஸ்ரர் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் கடையைத் திறக்க முடியுமா? அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை தைரியமாக வாய் திறந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், செய்தவர்களே நீங்கள்தான். யாரும் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. ஒருவரும் மக்னீற்றோவை அவரிடம் கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். கொழும்புக்கு அனுப்பினார்கள். குகன் தன்னுடையதை அனுப்ப முதல் என்னிடம் யோசனை கேட்டான். "நானாவிட்டைக் குடுக்கலாமோ சேர்? நீங்கள்தான் பட்டனீங்கள்." நான், "உன்ரை விருப்பம்" என்றேன். மாஸ்ரர் உன் விருப்பம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது முப்பது வருடமாக என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். நானா தோட்டக்காரரின் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களைச் சுற்றத் தொடங்கினார். அது முரட்டுக் கம்பி, கண்ணுக்குச் சுகம் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் தலைமயிர்க் கம்பி சுற்றத் தெரிந்த கை ஒன்றை முரட்டுக் கம்பிக்கு அனுப்பிவைத்தது நான்.

நான் முயற்சி செய்யவில்லை என்று இல்லை. என் மனைவிக்கு எல்லாம் தெரியும், அன்று பின்னேரம் நான் குறட்டைத் தேடியபோது எடுத்துத் தந்ததே அவர்தான். "போய் அந்த மனிசனிட்டைச் சொல்லுங்கோவன். உங்களுக்கு வெக்கமா இல்லையோ?" என்று எத்தனையோ தரம் கேட்டார். "வெக்கமாக் கிடக்கிறதாலைதான் போகேலாமல் கிடக்கு" என்பேன். ஒருநாள் குருநகர் மீன் சந்தையில் நானாவை நேருக்கு நேர் கண்டேன். அவர் கையில் விளைமீன் கோர்வை. நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "நானா, அண்டைக்கு வல்லையிலை..." என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி மறித்தார். "மீன் பழுதாப் போகும் மாஸ்ரர். பிறகு ஆறுதலாக் கதைப்பம்." அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வேண்டுமென்றால் அவரைக் கடை மட்டும் பின்தொடர்ந்து போயிருக்கலாம். நான் நண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிறகு ஆறுதலாகக் கதைக்க நாள் வரவில்லை.

நானாவை அடக்கம் செய்த ஜனாஸா அன்று பள்ளிவாசல் வாசலில் எங்களைப் போன்ற வெளியாட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். தொழுகைக்கு முதல், இறந்தவரின் மகன் எல்லாருக்கும் முன்னால் நின்று ஒரு வேண்டுகோள் விடுப்பது அவர்களுடைய வழக்கம். அஸ்லம் விடுத்தான். குரல் உடைந்துபோய் இருந்தது. "என்ரை வாப்பா ஆற்றையாவது மனதை நோகப் பண்ணியிருந்தால், ஆருக்காவது பிழை விட்டிருந்தால், அல்லாவுக்காக அவரை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தீர்க்கவேண்டியது ஏதும் இருந்தால் என்னட்டை வாங்கோ."

எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது அவன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். என் இரண்டு கையையும் பிடித்தான்.

"மாஸ்ரர், உங்களிட்டைத் தனியாக் கேக்கவேணும் எண்டு இருந்தனான். வாப்பா அண்டைக்கு வல்லையிலை உங்களுக்குப் பிழை விட்டிட்டார். நட்டை இறுக்காமல் விட்டு உங்களைச் சனத்துக்கு முன்னாலை வெக்கப்படுத்திப் போட்டன் எண்டு வீட்டிலையும் சொன்னவர். அவரை மன்னிச்சிடுங்கோ."

வீட்டிலும் உண்மையைச் சொல்லவில்லை. பெற்ற மகனிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை ஈரக் கண்ணோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். குகன் எனக்குப் பக்கத்தில் நிற்கிறான். நான் சொன்னேன்: "அதை நான் எப்பவோ மன்னிச்சிட்டன் தம்பி."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் குகனிடம் கொடுக்கவில்லை. முதலில் அஸ்லமிடம் கொண்டு போனேன். கடையில் ஆட்கள் இல்லாத மத்தியான நேரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொடக்கத்தில் இருந்து பள்ளிவாசல் வரைக்கும் வாசித்துக் காட்டினேன். அவன் பெயின்ற் பேணி ஒன்றின்மேல் இருந்து, தலையைக் குனிந்தபடி கேட்டான். முடிந்த பிறகும் நிமிரவில்லை.

"வாப்பாக்குத் தெரியுமோ, நீங்கள்தான் திறந்தது எண்டு?"

"தெரியும்."

"கண்டிட்டுத்தான் தன்ரை பிழை எண்டு சொன்னவரோ?"

"ஓம்."

"அஸ்லம், நீராவது என்னை மன்னிக்க வேணும்" என்றேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. முன்னால் இருப்பவன் என் மகனின் வயது.

அவன் கோபப்படவில்லை. வாப்பாவைப் போலவே மெல்லக் கதைத்தான். "அது என்னட்டை இல்லை மாஸ்ரர். அது வாப்பா தரவேண்டியது. அவருக்குப் பதிலா நான் தரேலாது." பிறகு தாள்களை என்னிடம் இருந்து வாங்கி, ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தான். "இதைப் போடுங்கோ. ஒரு சொல்லும் வெட்டாமல் போடுங்கோ. உம்மாக்கு நான் வாசிச்சுக் காட்டுறன்."

நான் வாசல்படியில் இறங்கிய பிறகு கூப்பிட்டான்.

"வாப்பா மௌத்தாகினதிலை இருந்து நான் எத்தினை பேரிட்டை அவருக்காக மன்னிப்புக் கேட்டிருப்பன் மாஸ்ரர். எல்லாரும் ஒண்டைத்தான் சொன்னவை, அவரிட்டை மன்னிக்கிறதுக்கு என்ன கிடக்கு எண்டு. மன்னிச்சிட்டன் எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான்."

ரஷீத் நானாவிடம் இருந்து எனக்கு எஞ்சியிருப்பது அவருடைய மகன் சொன்ன இந்த வசனம்தான். வேறு எதையும் அவர் நினைவாக வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.